உமே பூத்த மிட்டோ: கைராகுஎன் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கான கேள்வி-பதில்

ஜனவரி பிறந்தால் போதும், டோக்கியோவில் இருக்கும் நண்பர்களிடமிருந்தும் ஊரிலிருந்து வரப்போகும் உறவினர்களிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "மிட்டோவில் ஏதோ பூ விழாவாமே, போகலாமா? எப்படிப் போறது? சாப்பாட்டுக்கு என்ன வழி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மூன்று முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை, ஊரிலிருந்து வந்த அம்மாவோடு.

உமே என்றால் என்ன? செர்ரிப் பூதானே?

இல்லை. செர்ரி ஜப்பானிய மொழியில் சகுரா. உமே வேறு மரம். பிளம் என்று மொழிபெயர்க்கிறார்கள், ஆனால் தாவரவியல்படி அது ஆப்ரிகாட்டுக்குத்தான் இன்னும் நெருங்கிய சொந்தம். சீனாவிலிருந்து வந்தது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். செர்ரிப் பூவுக்கு நீளக் காம்பு உண்டு, கொத்தாகத் தொங்கும், இதழின் நுனியில் சின்ன வெட்டு இருக்கும். உமேவுக்குக் காம்பே இல்லை என்று சொல்லிவிடலாம். கிளையில் பொட்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு பூக்கும், இதழ் உருண்டையாக இருக்கும். அப்புறம் வாசனை. டோக்கியோத் தெருக்களில் நிற்கிற செர்ரி மரங்களிடம் மணம் அநேகமாகக் கிடையாது. உமே மணக்கும்.

எல்லோரும் செர்ரிக்குத்தானே போகிறார்கள்? இதற்கு ஏன் போக வேண்டும்?

செர்ரி பார்க்கப் போனால் பூவை விடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மரத்தடியில் நீலத் தார்பாய் விரித்து, பீர் டின் திறந்து, ராத்திரி வரை கும்மாளம். அதுவும் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. உமே பார்ப்பவர்கள் பெரும்பாலும் உட்காருவதில்லை. நடப்பார்கள், ஒரு மரத்தடியில் நிற்பார்கள், மூக்கைக் கிளைக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள், அடுத்த மரத்துக்கு நகர்வார்கள். பிப்ரவரிக் குளிரில் யார் தரையில் உட்காருவார்கள் என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஜப்பானின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷுவில் உமே பற்றி நூற்றுக்கும் மேலான பாட்டுகள் இருக்கின்றன, செர்ரிக்கு அதில் பாதிகூட இல்லை. பூ என்றாலே செர்ரி என்று ஆனது பின்னால்தான். 2019-இல் புதுப் பேரரசரோடு தொடங்கிய 'ரெய்வா' சகாப்தத்தின் பெயரே, 730-ஆம் ஆண்டு நடந்த ஓர் உமேப் பூ விருந்தில் பாடிய பாட்டுகளுக்கு அந்தத் தொகுப்பில் உள்ள முன்னுரையிலிருந்து எடுத்ததுதான்.

மிட்டோ எங்கே இருக்கிறது? கைராகுஎன் அப்படி என்ன விசேஷம்?

மிட்டோ, டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராகி மாநிலத்தின் தலைநகர். கானாசாவாவின் கென்ரோகுஎன், ஒகாயாமாவின் கோராகுஎன், மிட்டோவின் கைராகுஎன் ஆகிய மூன்றையும்தான் ஜப்பானின் மூன்று பெரும் தோட்டங்கள் என்பார்கள். மற்ற இரண்டும் படம் எடுத்தால் அழகாக வரும். கைராகுஎன் அப்படியில்லை, வெயில் காலத்தில் போனால் "இதுதானா?" என்று கேட்கத் தோன்றும். அதன் நாள் பிப்ரவரி, மார்ச்சில்தான். ஏறத்தாழ 100 வகையில் 3,000 உமே மரங்கள்.

1842-இல் இதை அமைத்தவர் மிட்டோவின் ஒன்பதாம் பிரபு டோகுகாவா நரியாகி. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஊருக்குள் கோடோகான் என்ற பெரிய பள்ளியைத் தொடங்கியிருந்தார். வில்லை எப்போதும் நாணேற்றியே வைத்திருக்கக் கூடாது, இழுக்கவும் வேண்டும் தளர்த்தவும் வேண்டும் என்பது அவர் எண்ணம். பள்ளி இழுப்பதற்கு, தோட்டம் தளர்த்துவதற்கு. 'கைராகு' என்றால் கூடி மகிழ்தல். பழங்காலத்து நல்லவர்கள் மக்களோடு சேர்ந்து மகிழ்ந்தார்கள் என்ற, பழைய சீன அறிஞர் மென்சியஸின் வரியிலிருந்து எடுத்த பெயர். பெயரோடு நிற்கவில்லை. 3, 8 என்று முடியும் தேதிகளில் சாதாரண ஜனங்களும் உள்ளே வரலாம் என்று விட்டிருந்தார். பிரபுக்கள் தோட்டத்தைத் தங்களுக்கென்று பூட்டி வைத்திருந்த காலம் அது.

ஆனால் மனிதர் வெறும் ரசிகர் இல்லை. உமே எல்லாப் பூவுக்கும் முன்னால் பூக்கிறது என்பது ஒரு காரணம். காயை உப்பில் போட்டு உமெபோஷி ஆக்கினால் பஞ்சத்துக்கும் படைக்கும் உதவும் என்பது அவருடைய இன்னொரு காரணம். மூங்கில்கூட வில் செய்ய உதவும் என்றுதான் நட்டார். அழகுக்கு அழகு, சேமிப்புக்குச் சேமிப்பு.

எப்போது போனால் பூ இருக்கும்?

விழா பெரும்பாலும் பிப்ரவரி 10 வாக்கில் தொடங்கி மார்ச் நடுவில், சில வருடம் 20 தேதி வரை போகும். தேதி வருடத்துக்கு வருடம் சற்று மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள்தான் போகமுடியும் என்றால் பிப்ரவரிக் கடைசி வாரமோ மார்ச் முதல் வாரமோ போங்கள்.

செர்ரி மாதிரி பயந்துகொண்டு திட்டமிட வேண்டாம். தெருவெல்லாம் நிற்கும் சோமெய் யோஷினோ செர்ரி மரங்கள் அத்தனையும் ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே மரத்தின் நகல்கள். அதனால் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டிவிடும். உமேவில் முன்பூ, நடுப்பூ, பின்பூ என்று வகை வகையாக இருப்பதால் ஒரு மரம் உதிரும்போது பக்கத்து மரம் மொட்டு விட்டுக்கொண்டிருக்கும். "முழுத் தோட்டமும் பூத்திருக்கும் நாள்" என்று ஒன்று கிடையாது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

டோக்கியோவிலிருந்து எப்படிப் போவது?

உவெனோவிலிருந்து ஜோபான் பாதையில் ஹிதாச்சி அல்லது டோகிவா எக்ஸ்பிரஸ். 70, 80 நிமிடத்தில் மிட்டோ. சாதாரண ரயில் என்றால் சுமார் 2 மணி நேரம், காசு மிச்சம். எக்ஸ்பிரஸில் இருக்கைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரியும். பச்சை என்றால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது, சிவப்பு என்றால் இன்னும் விற்கவில்லை, மஞ்சள் என்றால் கொஞ்ச நேரத்தில் யாரோ வந்துவிடுவார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சிவப்பைப் பார்த்துப் பயந்து பச்சையில் போய் உட்காராதீர்கள்.

விழாக் காலத்தில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் 'கைராகுஎன்' என்றே ஒரு தற்காலிக நிலையம் திறப்பார்கள். தோட்டத்துக்குக் கீழேயே இறங்கிவிடலாம். ஆனால் கவனம், டோக்கியோவிலிருந்து வரும் வண்டிக்கு மட்டும்தான் அங்கே நடைமேடை. முதல் தடவை போனபோது, திரும்பும்போதும் அங்கேயே ஏறிவிடலாம் என்று போய் நின்றேன். எதிர்ப் பாதையில் டோக்கியோ வண்டிகள் நிற்காமல் பறந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மிட்டோ இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டினார். அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். அறிவிப்புப் பலகையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது, படிக்காதது நான்.

வார நாளில் மிட்டோவில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள், ஏறத்தாழ கால் மணி நேரம். காலில் தெம்பு இருந்தால் சென்பா ஏரிக்கரையோடு அரை மணி நேர நடை. ஏரியில் கறுப்பு அன்னங்கள் இருக்கின்றன. மனிதர்களுக்குப் பயப்படாமல் கரையில் ஏறி வந்து நடைபாதையை மறிக்கும்.

எந்த வாசல் வழியாகப் போக வேண்டும்?

என்னிடம் யாருமே கேட்காத கேள்வி இது. நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலையத்திலிருந்தும் பேருந்திலிருந்தும் வருகிற கூட்டம் டோகிவா கோயிலை ஒட்டிய கிழக்கு வாசலில் நுழையும். நுழைந்ததுமே உமே மரங்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். அரை மணியில் பூவெல்லாம் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நரியாகி போட்ட வழி வேறு. தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் 'ஒமோதெமோன்' என்ற முன்வாசல் இருக்கிறது. பைன் மரப் புகைக்கரி பூசிக் கறுப்பாக இருக்கும். அங்கே ஆளே இருக்காது. உள்ளே இன்னொரு சின்ன வாசல். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் வானுயர்ந்த மூங்கில், இன்னொரு பக்கம் தேவதாரு போன்ற சுகி மரக்காடு. வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். பூ ஒன்றுகூடக் கிடையாது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி, பழைய கதவு திறப்பது போலச் சத்தம் வரும். பாதை கீழே இறங்கும், குளிர் கூடும். இறக்கத்தின் அடியில் வெண்பளிங்குக் கிண்ணம் போன்ற ஓர் ஊற்று, தோகியோகுசென் என்று பெயர். அந்தத் தண்ணீரில்தான் அந்தக் காலத்தில் தேநீர் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் தாரோசுகி என்ற கிழட்டு மரம், சுமார் 800 வயது என்கிறார்கள்.

அங்கிருந்து மேடேறினால் முதலில் வருவது மணம், பூ இன்னும் கண்ணில் பட்டிருக்காது. அப்புறம்தான் வெயில், வெள்ளையும் சிவப்புமாக மரங்கள், தூரத்தில் ஏரி. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, யின்னிலிருந்து யாங்குக்கு வருகிற மாதிரி அமைத்த வழி என்று இதைச் சொல்வார்கள். இரண்டாம் தடவை இந்த வழியில் வந்தபோதுதான் முதல் தடவை கோயிலுக்குப் பின்பக்கமாக நுழைந்து பிரகாரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்தது. கிழக்கு வாசலில் இறங்கினாலும் கால் மணி நேரம் செலவழித்துச் சுற்றிப் போங்கள்.

கொபுன்தெய் வீட்டுக்குள் போகத் தனிச் சீட்டாமே, போகத்தான் வேண்டுமா?

போங்கள். தோட்டம், வீடு இரண்டும் சேர்த்து ஆளுக்கு 500, 600 யென் சுற்றித்தான் ஆகும்.

நரியாகி விருந்தினரை வரவழைத்துக் கவிதை பாடவைத்த மரவீடு இது. 'கொபுன்', அதாவது எழுத்தை நேசிப்பது, உமேவுக்கு ஒரு செல்லப்பெயர். சீனத்தில் ஒரு பேரரசர் படிப்பில் கவனம் வைத்தபோதெல்லாம் உமே பூத்ததாம், படிப்பை விட்டபோது பூக்கவில்லையாம். அந்தக் கதையிலிருந்து வந்த பெயர். இப்போது நிற்பது அசல் கட்டடம் இல்லை. 1945 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விமானக் குண்டுவீச்சில் ஊரோடு சேர்ந்து எரிந்துவிட்டது. 1955-இல் தொடங்கி 1958-இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். 1969-இல் மின்னல் விழுந்து ஒரு பகுதி மறுபடி எரிந்தது, மறுபடி கட்டினார்கள். 2011 நிலநடுக்கத்தில் சேதமாகி மறுபடி சரிசெய்தார்கள்.

அறைகளுக்கெல்லாம் மரம், பூக்களின் பெயர். உமே அறை, மேப்பிள் அறை, செவ்வந்தி அறை என்று இழுப்புக் கதவுகளில் அந்தந்தச் செடியை வரைந்திருக்கிறார்கள். மூன்றாம் மாடிக்குச் செங்குத்தான மரப்படி. மேலே உட்கார்ந்திருக்கும் பிரபுவுக்குச் சாப்பாடும் சாகே என்ற அரிசி மதுவும் அனுப்ப, கயிறு கட்டி இழுக்கும் ஒரு தூக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கிணற்று ராட்டினம் போலத்தான். அம்மாவுக்கு அந்த மாளிகையில் பிடித்தது அது ஒன்றுதான். "அடுக்களையிலிருந்து மாடிக்குத் தூக்கிட்டு அலைய வேண்டாம் பாரு" என்றாள்.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் அந்தப் பலகைத் தரை ஐஸ் கட்டி. தடித்த காலுறை இல்லாமல் போகாதீர்கள், இது அனுபவித்துச் சொல்வது.

விழா என்றால் என்ன நடக்கும்? ஊர்வலம், மேளம் எல்லாம் உண்டா?

நம் ஊர்த் திருவிழாவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 1896-இல் டோக்கியோவிலிருந்து ரயிலில் பூப் பார்க்க ஜனங்களைக் கொண்டுவந்ததில் ஆரம்பித்த விழா. இன்றைக்கும் பூப் பார்ப்பதுதான் நிகழ்ச்சி. திறந்த வெளியில் தேநீர்ச் சடங்கு, கோதோ என்ற நரம்பிசைக் கருவி வாசிப்பு, ஒரு சில இரவுகளில் விளக்கலங்காரம், வெளியே தின்பண்டக் கடைகள். கிமோனோ கட்டிக்கொண்டு 'உமே தூதர்கள்' என்று சிலர் வருவார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

மூவாயிரம் மரத்தில் எதைப் பார்ப்பது?

மிட்டோவின் ஆறு புகழ்பெற்ற மரங்கள் என்று 1934-இல் ஆறு வகைகளைத் தேர்ந்திருக்கிறார்கள். மரத்தடியில் பெயர்ப்பலகை இருக்கும். நரியாகியின் பட்டப்பெயரைத் தாங்கிய ரெக்கோபாய், ஷிரொநானிவா, கிளை தொங்கும் யானாகாவா ஷிதாரே, த்சுகிகாகே, கோனான் ஷோமு, தோரானொஒ. ஆறையும் தேடிப்பிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. எனக்குப் பிடித்தது த்சுகிகாகே. பெயருக்கு நிலவொளி என்று பொருள், வெள்ளையில் லேசான பச்சை ஓடும்.

அப்புறம் அடிமரத்தையும் பாருங்கள். பல கிழமரங்கள் உள்ளே பொந்தாகி, முறுக்கிப் பிழிந்த துணி போல, கழி முட்டுக்கொடுத்து நிற்கும். பட்டை மட்டும்தான் மிச்சம், அதன் நுனியில் புத்தம்புதுப் பூ.

கிளைகளை இப்படி வெட்டி வைத்திருக்கிறார்களே, பாவம் இல்லையா?

"செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், உமேயை வெட்டாதவன் முட்டாள்" என்று ஜப்பானில் பழமொழியே இருக்கிறது. வெட்டிவிட்டால்தான் உமே நன்றாகப் பூக்கும். அதற்காக நீங்கள் ஒடிக்கக் கூடாது.

பூவுக்குள் ஒரு பச்சைக் குருவி தலையை விட்டுக்கொண்டிருந்ததே?

மெஜிரோ. பெயருக்கு வெள்ளைக்கண் என்று அர்த்தம். நம் ஊரில் வெள்ளைக்கண்ணி என்று ஒரு குருவி உண்டே, அதன் சொந்தக்காரன்தான், கண்ணைச் சுற்றி அதே வெள்ளை வளையம். இரண்டு ஊரிலும் கண்ணைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தேன் குடிக்க வரும். உமேவுக்குப் பாட்டுகளில் ஜோடி சேர்ப்பது உகுயிசு என்ற குயில்போல் இனிமையாகப் பாடும் வேறொரு பறவையை. அது மங்கலான பழுப்பு நிறம், புதருக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் பூவில் நிற்கும் மெஜிரோவைக் காட்டி "உகுயிசு" என்று சொல்லும் ஜப்பானியர்களே நிறைய.

குளிர் எப்படி? என்ன போட்டுக்கொள்வது?

ஜப்பானியப் பஞ்சாங்கப்படி பிப்ரவரி 4 வாக்கிலேயே வசந்தம் வந்துவிடும். உடம்புக்கு அது தெரியாது. காலையில் மிட்டோவில் சுழியத்துக்குக் கீழே போகும், மதியம் 10 டிகிரி வந்தால் நல்ல நாள். மூன்று நாள் குளிர், நான்கு நாள் இதம் என்று மாறி மாறி வரும் காலம். கழற்றிப் போட வசதியாக இரண்டு மூன்று அடுக்காக உடுத்துங்கள், காற்று புகாத மேலுடை ஒன்று அவசியம்.

எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சுகி மர மகரந்தம் பறக்கத் தொடங்கும் மாதம் அது, பாதி ஜனம் தும்மிக்கொண்டிருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரை எடுத்து வையுங்கள்.

வயதானவர்களால் நடக்க முடியுமா?

மரங்கள் இருக்கும் பகுதி சமதரைதான், மெல்ல நடக்கலாம். நான் புகழ்ந்த முன்வாசல் வழியில் இறக்கமும் ஏற்றமும் உண்டு. முழங்கால் வலி உள்ள அம்மாவை மூங்கில் வரை கூட்டிப்போய், ஊற்றுக்கு இறங்காமல் மேட்டுப் பக்கமாகவே கொபுன்தெய் வீட்டுக்கு அழைத்துவந்தேன். மூன்றாம் மாடி வேண்டாம் என்று அவளே கீழே உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால், பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டி. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருவரும் முழங்காலைத் தடவிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோடோகான் பள்ளியையும் பார்க்க வேண்டுமா?

நேரம் இருந்தால். மிட்டோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், அங்கேயும் சுமார் 800 உமே மரங்கள், கூட்டம் குறைவு. ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் கடைசியானவர் யோஷினொபு இந்த நரியாகியின் மகன்தான், சிறுவயதில் இங்கே படித்தார். ஆட்சியை இழந்து, 1868-இல் அதே பள்ளிக்குத் திரும்பிவந்து அறைக்குள் அடங்கிக் கிடந்தார். அந்த ஆண்டு நடந்த சண்டையில் குண்டு பாய்ந்த தடங்கள் வாசல் மரத்தில் இன்னும் இருக்கின்றன.

மிட்டோ வரை போக நேரமில்லை. டோக்கியோவுக்குள்ளேயே வழி உண்டா?

கொய்ஷிகாவா கோராகுஎன். டோக்கியோவில் மிட்டோப் பிரபுக்களுக்கு இருந்த மாளிகையின் தோட்டம், உமே உண்டு. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கொய்ஷிகாவா தாவரவியல் பூங்கா. 1684-இல் ஷோகுன் அரசின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. அங்கேயும் ஓர் உமேத் தோப்பு, அதோடு ஒரு கிங்கோ மரம். ஹிராசே சாகுகோரோ என்பவர் 1896-இல் அந்த மரத்தின் விதையில்தான் நீந்தும் விந்தணுவைக் கண்டுபிடித்தார். செடிகொடிப் பித்து உள்ளவர்களுக்கு இது போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது? என்ன வாங்கி வருவது?

கடைத்தெருவில் சூடாக எது விற்றாலும் குழம்பில் மீன்சாறு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள் எல்லாம் அப்படித்தான். கையில் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம். கடைகளில் உமெபோஷி வைத்த சோற்றுருண்டை கிடைக்கும், பெரும்பாலும் பாதகமில்லை, ஆனாலும் சிலவற்றில் மீன்சாறு கலப்பார்கள், உறையைப் படியுங்கள். மிட்டோவின் பேர்பெற்ற பண்டம் நத்தோ, புளிக்கவைத்த சோயா. வைக்கோலில் கட்டி விற்பார்கள். நூல் நூலாக இழுக்கும், வாடை தூக்கும். சோயா மட்டும்தான், ஆனால் கூடவே தரும் சாறுப் பொட்டலத்தில் மீன் இருக்கும், அதைத் தூரப் போடுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் 'மிட்டோ நோ உமே', வெள்ளைப் பயற்றுப் பூரணத்தை ஷிசோ என்ற மூலிகை இலையில் சுற்றியது. இலை புளிப்பும் உப்புமாக, பூரணம் இனிப்பாக இருக்கும்.

உமெபோஷி ஒரு டப்பா கட்டாயம் வாங்குங்கள். தேன் சேர்த்த சாதுவான வகையை விடுங்கள், உப்பும் ஷிசோவும் மட்டும் போட்ட பழைய முறை வகையைக் கேளுங்கள். ஜூனில் காய் பறித்து, உப்பில் ஊறவைத்து, மழை விட்டதும் மூன்று நாள் வெயிலில் காயப்போடுவது. அம்மா கடையிலேயே ஒன்றை வாயில் போட்டு, கண்ணை இறுக்கி மூடி, கொட்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளி, "உப்பு நார்த்தங்காய்க்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றாள். மறுநாள் ராத்திரி தயிர்சாதத்துக்கு அதையே தொட்டுக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் சேலைக்கு நடுவே இரண்டு டப்பா இருந்தது, ஒன்று பக்கத்து வீட்டு அத்தைக்காம்.